குளுவாங் சாலையில் ஒரு கித்தான் சுருள்

சனிக்கிழமை சாயங்காலம் பாசாரிலிருந்து மீனும் கீரையுமாகத் திரும்பி வந்து பார்த்தால், எங்கள் கட்டிலின் மேல் ஸ்பேனர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பெரியது தலைமாட்டில், சின்னது கால்மாட்டில். பக்கத்தில் குறடு, திருப்புளி, டயரை நெம்பும் இரும்புகள், ஒரு சுருள் கம்பி, பஞ்சர் ஒட்டும் பசை, காற்றடிக்கும் பம்பு. கீழே விரித்திருந்தது நான் அன்று காலையில்தான் துவைத்துப் போட்ட வெள்ளை விரிப்பு. என் கணவர் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, பஞ்சும் ஸ்பிரிட்டுமாக ஒவ்வொன்றையும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் மலாக்காவில் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். புண் கழுவுவது, கட்டுப் போடுவது, ஊசி போடுவது என்று நாள் முழுக்க அதே வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பலாப்பழம் அறுக்கிற கத்தியைக்கூட ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் தொடமாட்டார். அதனால் ஸ்பேனருக்குக் குளியல் நடந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. விரிப்பைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது.

"குளுவாங் வரைக்கும் போறோம். வழியில எது வேணாலும் ஆகலாம்" என்றார், தலையைத் தூக்காமலே.

குளுவாங்கில் என் அக்காள் இருந்தாள். அவள் புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. நான் போய்ப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் போகலாம், ரயிலில் போகலாம். ஆனால் வீட்டில் புதிதாக ஒரு மோட்டார் வந்து நின்றபிறகு பஸ் பேச்சை எடுக்க முடியுமா? எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளை வெறுமனே மோட்டார் என்றுதான் சொல்வோம். நாடு சுதந்திரம் அடைந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வெள்ளைக்காரர்கள் பலர் மேசை நாற்காலிகளை விற்றுவிட்டுக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் புறப்பட்ட ஒரு டாக்டரிடமிருந்து கைமாறி வந்ததுதான் அந்தக் கறுப்பு மோட்டார். இங்கிலாந்தில் செய்தது. நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுத்தான் கிளம்பும். மற்றபடி நல்ல குணம்.

அதில் சாமான் வைக்க இருந்த பெட்டி, வெற்றிலைச் செல்லம் அளவுதான். இவர் சேர்த்த ஆயுதங்களோ ஒரு பட்டறைக்குக் காணும். ஆகவே ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி மூடி வைத்துப் பெட்டியாக்கி, எல்லாவற்றையும் அதில் போட்டுப் பின்னால் கட்டினார். அந்த இடத்தில்தான் என் துணிப்பை வருவதாக இருந்தது. குழந்தைக்கு நான் தைத்த சட்டைகள், குல்லாய், கீழே விரிக்கிற துண்டுகள், எல்லாம் அந்தப் பையில். நான் வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவின் துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மிச்சம் விழுந்த நல்ல துணியெல்லாம் என் அக்காள் மகனுக்குச் சட்டையாகியிருந்தது.

"என் பை எங்க வைக்கிறது?" என்று கேட்டேன்.

"மடியில வச்சுக்க."

புக்கிட் காத்தில் கிராமம் வரைக்கும் ஒரு சோதனை ஓட்டம் போனோம். தகரப் பெட்டிக்குள் இரும்புகள் ஒன்றோடொன்று மோதிய சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. வழியெல்லாம் நாய்கள் துரத்தின. பிள்ளைகள் ஐஸ் வண்டி என்று நினைத்து வாசலுக்கு ஓடி வந்தார்கள். திரும்பி நாங்கள் குடியிருந்த காஜா பெராங்குக்குள் நுழைந்தபோது எங்கள் பக்கத்து வீட்டுக்காரி வேலிப்பக்கம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண்; பல நூறு வருஷத்துக்கு முன்பே கப்பலேறி வந்து அந்த மண்ணோடு கலந்துவிட்ட தமிழர்கள் அவர்கள். எங்கள் வாடகை வீடு அவர்கள் கம்பத்தின், அதாவது குடியிருப்பின், ஓரத்தில் இருந்தது. அவர்கள் வீட்டு நிலையில் மாவிலை தொங்கும், நெற்றியில் திருநீறு இருக்கும், கட்டுவது சாரோங்கும் கெபாயாவும், பேசுவது மலாய். நடுநடுவே அக்கா, மாமா என்று நம் சொற்கள் எட்டிப் பார்க்கும். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. நான் என் மலாயில் தப்புத் தப்பாகப் பேசுவேன், அவள் தன் தமிழில் தப்புத் தப்பாகப் பதில் சொல்வாள். எங்களுக்குள் ஒரு குறையும் வந்ததில்லை.

இரும்புக்கும் பிள்ளைத் துணி மாதிரி ஒரு துணி சுற்றிவிட்டால் அழாது என்றாள் அவள், மலாயில்.

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது மண்டைக்குள் ஏறிவிட்டது. மறுநாளே லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற சீனர் கடையில் வெட்டி மிஞ்சிய கித்தான் துண்டு ஒன்று வாங்கி வந்தேன். பச்சை நிறம், தகடு மாதிரித் தடிப்பு. அதை நீளமாக விரித்து, மேலே ஒவ்வொரு இரும்பையும் வைத்து, சாக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டு, அதனதன் உடம்புக்கு ஏற்றபடி ஒரு பை தைத்தேன். மெஷின் ஊசி முதல் பையிலேயே உடைந்தது. அப்புறம் கோணி ஊசியும் மெழுகு தேய்த்த நூலும் வைத்துக் கையால்தான் குத்தினேன். எல்லாவற்றையும் அதனதன் பையில் செருகி, மேல் மடிப்பைப் போட்டு, பாய் மாதிரிச் சுருட்டி, இரண்டு நாடாவால் கட்டினால் ஒரு தலையணை அளவுதான் வந்தது. குலுக்கிப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை.

அவற்றின் பெயர்கள் எனக்குத் தெரியாது. தெரியாதது நல்லதாகப் போயிற்று, நானே பெயர் வைத்தேன். பிளக்கைக் கழற்றுகிற குழாய் ஸ்பேனருக்குப் புட்டுக்குழல். டயர் நெம்புகிற இரும்புகள் இரண்டும் நாக்கு வழிப்பான். குறடு வாத்து. பைகளின் ஓரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நூலால் ஓர் அடையாளமும் போட்டேன், அவர் அவசரத்தில் தடுமாறக் கூடாதென்று.

அவர் சுருளைப் பிரித்துப் பார்த்தார். மூடினார். மறுபடியும் பிரித்தார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் சாமான்கள்கூட இவ்வளவு ஒழுங்காக இல்லை என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய புகழ்ச்சி வராது. எனக்கும் தைரியம் வந்தது. உட்கார்ந்து கணக்குத் தீர்க்க ஆரம்பித்தேன். ஒரே அளவில் இரண்டு ஸ்பேனர் எதற்கு? ஒன்று போகட்டும். சுத்தியல் எதற்கு? ரோட்டில் கல் இல்லையா? டியூபுக்குத் தடவுகிற சாக்குப்பொடி, சாக்கட்டியை அரைத்த தூள், ஒரு டப்பா இருந்தது. அது வேண்டாம் என்றேன். அது எதற்கென்று அவர் விளக்கினார், நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக அவர் பிடிவாதம் பிடித்து வைத்தது ஒரு சுருள் பேண்டேஜ். "இரும்புக்கா கட்டுப் போடப் போறீங்க?" என்று கேட்டேன். அதற்கும் ஒரு பை தைக்க வைத்துவிட்டார்.

புறப்படுகிற அன்று விடிந்ததும் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பக்கத்து வீட்டுக்காரி வாழை இலையில் சுற்றிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள் கொடுத்தனுப்பியிருந்தாள். நான் அக்காளுக்கென்று ஒரு டப்பா முறுக்கு சுட்டிருந்தேன். கித்தான் சுருள் ஆசனத்துக்குப் பின்னால் ஏறியது, அதன்மேல் என் துணிப்பை, அதன்மேல் முறுக்கு. நான் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தேன்.

மூவார் வரைக்கும் ஆனந்தம். ஒரு பக்கம் தென்னையும் கம்பத்து வீடுகளும், இடையிடையே கடல். வழியில் பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்தில் புதுக்கொடி பறந்தால் இவர் ஒரு ஹாரன் அடிப்பார். ஊர் நம்முடையதாகிவிட்டது, சுற்றிப் பார்க்காவிட்டால் எப்படி என்பது அவர் கட்சி. மூவார் ஆற்றில் அப்போது பாலம் கிடையாது. லாரிகளோடு லாரியாக மிதவையில் ஏறி அக்கரை போனோம். மிதவையில் இருந்த லாரிக்காரர்கள் சுருளைப் பார்த்து உள்ளே என்ன, வயலினா என்று கேட்டார்கள். இவர் ஆசையாகப் பிரித்துக் காட்டினார். அக்கரை வந்தபிறகும் மூட மனமில்லை. பின்னால் இருந்த லாரி ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தோம்.

பாரிட் சூலோங் தாண்டி யோங் பெங்கை நெருங்கியதும் ரோடே வேறு முகம் காட்டியது. மலாக்காவில் நாங்கள் மறந்துபோயிருந்த அவசரகாலம் அங்கே இன்னும் நடந்துகொண்டிருந்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று, அந்த வட்டாரத்துக்குள் தின்கிற பொருள் எதையும் ரோட்டில் கொண்டுபோக விடமாட்டார்கள். முள்கம்பி போட்ட தடுப்பு, மணல் மூட்டைகள், துப்பாக்கியோடு போலீஸ்காரர்கள். முன்னால் ஒரு பஸ் நின்றது, ஆட்களெல்லாம் இறங்கி வரிசையில்.

எங்கள் முறை வந்தது. மலாய்க்கார சார்ஜன்ட் ஒருவர் சுருளைத் தட்டிப் பார்த்தார், கனமாக இருந்தது. பிரிக்கச் சொன்னார். குறடும் கம்பியும் கண்ணில் பட்டதும் அவர் முகம் கடுகடுத்தது. முள்வேலியை வெட்டுவதற்கும் அதே குறடுதானே. எதற்கு இது, எதற்கு அது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவருக்கு இப்படி ஒரு மாணவர் கிடைத்ததே போதும். இது கிளச்சுக் கேபிள் அறுந்தால், இது செயின் கழன்றால் என்று நோயும் மருந்தும் போலச் சொல்லிக்கொண்டே போனார். பின்னால் வரிசை நீண்டது. சார்ஜன்ட் கடைசியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். நூல் அடையாளங்களைத் தொட்டுப் பார்த்து, யார் தைத்தது என்று கேட்டார். நான் என்றேன். தன் மனைவியும் தைப்பாளாம், ஆனால் தலையணை உறைதானாம்.

இரும்பு உள்ளே போகலாம், முறுக்கு போகக்கூடாது என்பது தீர்ப்பு. தூக்கிப் போட மனம் வருமா? ரோட்டோரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நாசி லெமாக்கைச் சாப்பிட்டு முடித்தோம். முறுக்கு டப்பாவைத் திறந்து பஸ் ஆட்களிடம் நீட்டினேன். அவர்களும் தங்களிடமிருந்த வாழைப்பழத்தையும் கடலையையும் எங்களிடம் நீட்டினார்கள், அதுவும் உள்ளே போகமுடியாது. சீனக் கிழவர் ஒருவர், ஒரு மலாய்க் குடும்பம், நாங்கள், எல்லோரும் நின்றுகொண்டே ஏதோ கல்யாண வீடு மாதிரி மென்றுகொண்டிருந்தோம். போலீஸ்காரர்களுக்கும் நீட்டினேன். சார்ஜன்ட் வேண்டாம் என்று தலையாட்டினார், ஆனால் டப்பாவை ஒருமுறை பார்த்தார். அக்காளுக்கு வெறும் டப்பாதான் மிஞ்சியது.

ஆயர் ஈத்தாமில் திரும்பி குளுவாங் சாலையில் ஏறினோம். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், நடுவில் நாங்கள் மட்டும். முறுக்குப் போன துக்கத்தை நான் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்குக் காற்றில் பாதிதான் கேட்டிருக்கும். திடீரென்று பின்சக்கரம் வாலாட்டியது. அவர் சமாளித்து ஓரம் கட்டப் பார்த்தார். ஓரத்துச் செம்மண் வழுக்கியது. மோட்டார் மெல்ல, மிக மரியாதையாக, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வேகம் இல்லாததால் நான் நாலு எட்டு ஓடி லாலாங் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சேலையில் மண், வேறொன்றுமில்லை. அவர் இடது கையை ஊன்றி விழுந்திருந்தார்.

ஓடிப் போய்த் தூக்கினேன். அவர் எழுந்து நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டே தன் மணிக்கட்டை மற்ற கையால் அங்கங்கே அமுக்கிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தார்.

"முறியல. சுளுக்குத்தான்" என்றார், யாரோ ஒரு நோயாளியிடம் சொல்வதுபோல.

பேண்டேஜை எடுத்தேன். எப்படிச் சுற்றுவது என்று அவர் சொல்லச் சொல்லச் சுற்றினேன். நான் சுற்றியதில் குறை கண்டுபிடித்து இரண்டு முறை அவிழ்க்க வைத்தார். அந்தப் பேண்டேஜைப் பற்றி நான் பேசிய பேச்சை இருவரும் நினைவுபடுத்திக்கொள்ளவில்லை.

மோட்டாரை இருவருமாக நிமிர்த்தி ஸ்டாண்டில் ஏற்றினோம். பின்டயரில் ஓர் ஆணி, தலை மட்டும் வெளியே தெரிந்தது. டியூப் சப்பையாகப் படுத்துவிட்டது. அவர் ஒரு கையால் நெம்பிப் பார்த்தார். டயர் அசையவில்லை. மறுபடி முயன்றபோது கட்டுப் போட்ட கையும் தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டது, வலியில் அப்படியே குந்திவிட்டார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இருட்டினால் முள்வேலி போட்ட ஊர்களின் கேட்டைச் சாத்திவிடுவார்கள், ரோட்டில் ஓர் ஆள் நடமாடக்கூடாது. வந்த ஒரே லாரியும் கையைக் காட்டியும் நிற்காமல் போய்விட்டது. அந்த வட்டாரத்தில் நிற்கச் சொன்னால் யார் நிற்பார்கள்?

"நகருங்க" என்றேன். "நான் பார்க்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் நகர்ந்து மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "சரி. நாக்கு வழிப்பான் ரெண்டையும் எடு" என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணில் மண்டியிட்டேன். எனக்கு அந்த இரும்புகளின் வேலை தெரியாது. ஆனால் ஒவ்வொன்றின் நீளமும் வளைவும் என் விரலுக்குத் தெரியும், கோடு போட்டுத் தைத்த கையல்லவா? சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், டயரின் ஒரு பக்கத்தை மட்டும் வெளியே எடுத்தால் போதும் என்றார். காற்றுக் குழாயின் நட்டைக் கழற்றினேன். டயர் ஓரத்தைக் குதிகாலால் மிதித்து உள்ளே தள்ளினேன். முதல் இரும்பைச் செருகி நெம்பினேன், நழுவி முழங்கையில் அடித்தது. மறுபடி செருகி அதை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி இரண்டாவதைச் செருகினேன். எங்கேயோ பிடி கிடைத்தது. ரவிக்கையின் கையைத் திருப்புகிற மாதிரி டயரின் விளிம்பு ஒவ்வொரு விரற்கடையாக வெளியே வந்தது.

"டியூபைக் கிள்ளிடாத" என்றார் அவர்.

"பட்டுத்துணி தைக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?"

ஆணியைக் குறடால் பிடுங்கினேன். டியூபை இழுத்து ஓட்டையைப் பார்த்தேன், கம்மல் துவாரம் அளவுதான். உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன். காய்ந்ததும் ஒட்டுத் துண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். இப்போது சாக்குப்பொடி தூவ வேண்டும், இல்லாவிட்டால் பசை டயரோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். சாக்குப்பொடியை நான்தான் வீட்டில் நிறுத்திவைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. மரத்தில் சாய்ந்தபடியே வானத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் துணிப்பையைத் திறந்து, குழந்தைக்கென்று வாங்கியிருந்த பவுடர் டப்பாவை எடுத்து டியூபின் மேல் தாராளமாகக் கொட்டினேன். அந்த இடமெல்லாம் பிரசவ வார்டு மணம்.

டயருக்குள் விரலை விட்டு வேறு ஏதாவது குத்துகிறதா என்று தடவிப் பார்த்தேன். டியூபை உள்ளே படுக்க வைத்து, விளிம்பை மறுபடி ஏற்றினேன். ஏற்றுவதுதான் இறக்குவதைவிடக் கஷ்டம். கடைசி ஒரு சாண் என்னோடு மல்லுக்கு நின்றது. நான் எழுந்து நின்று ஒரு காலால் ஒரு பக்கத்தை மிதித்துக்கொண்டு, என் எடை முழுவதையும் இரும்பின் மேல் போட்டேன். டக்கென்று உள்ளே போனது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை, மூச்சு இல்லை.

பம்பு அடிக்க ஆரம்பித்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. எஸ்டேட்டைக் காவல் காக்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள், நாலைந்து பேர். எல்லோரும் தோட்டத்து ஆட்கள்தான். ஒருவர் இறங்கி வந்து முதலில் மரத்தடியில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த ஆம்பிளையைப் பார்த்தார். அப்புறம் மண்ணும் கிரீஸுமாக நின்ற என்னைப் பார்த்தார். யார் அடிபட்டவர், யார் மெக்கானிக் என்று கண்டுபிடிக்க அவருக்குச் சற்று நேரமாயிற்று.

"அக்கா, நான் அடிக்கட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கை இரண்டும் கழன்று விழுவதுபோல இருந்தது. "அடிங்க தம்பி" என்று பம்பைக் கொடுத்துவிட்டேன். அவர் அடிக்கிற நேரத்தில் நான் எல்லாவற்றையும் துடைத்து அதனதன் பையில் போட்டுச் சுருட்டினேன். மற்றவர்கள் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு சுற்றி நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள். என் கணவர் மரத்தடியிலிருந்தே அறிவித்தார்: "பஞ்சர் ஒட்டினது இவங்கதான். முழுக்க இவங்கதான். நான் தொடவே இல்ல."

வீட்டில் என்னை 'இந்தா, இங்க பாரு' என்று கூப்பிடுகிறவர், அந்த இடத்தில் 'இவங்க' என்றார். நான் நாடாவைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

இடது கையில் இரண்டு விரலை மட்டும் வைத்து அவர் கிளச்சைப் பிடித்தார். ஜீப் பின்னாலேயே வந்து எங்களைக் குளுவாங் எல்லை வரை கொண்டுவந்து விட்டது. கேட் சாத்துவதற்குள் உள்ளே போய்விட்டோம்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் அக்காள் குழந்தையோடு நின்றிருந்தாள். ஓடி வந்தவள் என் கையைப் பார்த்ததும் குழந்தையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "என்னடி கை இது? கரி அள்ளினியா?" மண்ணெண்ணெயும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, பிறகுதான் பிள்ளை என் மடிக்கு வந்தான். பவுடர் டப்பாவில் பாதிக்கு மேல் காணோம், முறுக்கு டப்பாவில் ஒன்றுமே காணோம் என்று சொன்னபோது அக்காள் உட்கார்ந்து சிரித்தாள். பிள்ளை பெற்ற வயிறு, சிரித்தால் வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவள் மாமியார் சிரிக்கவில்லை. என் கணவர் வந்தவர் போனவர் எல்லோரிடமும் பஞ்சர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரயில்வே ஆட்கள் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு, என்னையும் டயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கேட்டுக் கேட்டு அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பொம்பளை ரோட்டில் மண்டி போட்டு டயர் கழற்றினதைப் பெருமையாகச் சொல்ல வேறு வேண்டுமா என்று எங்கள் காதுபடவே கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் கோபப்படவில்லை. கட்டுப் போட்ட கையை உயர்த்திக் காட்டி, "அத்தை, அவ கழற்றலேன்னா நாங்க ரெண்டு பேரும் ராத்திரி ரப்பர் மரத்தடியிலதான் படுத்திருக்கணும். அதைச் சொன்னா உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டார். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் சூடான ஹார்லிக்ஸ் கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

சுளுக்கு இறங்கும்வரை அங்கேயே தங்கினோம். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை அவர். ஒருநாள் சாயங்காலம் ரயில்வே திடலுக்கு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு ஓட்டக் கற்றுத்தரப் போகிறாராம்.

"எதுக்கு?" என்றேன்.

"என் கை சரியில்ல. நாளைக்கு உன் கை சரியா இருக்கணும்ல?"

அது ஒரு பதிலே அல்ல. ஆனால் எனக்கும் ஆசை இருந்தது, கேட்கத்தான் தெரியவில்லை. அக்காள் புருஷனின் பழைய காக்கிக் கால்சட்டையை, நாங்கள் சிலுவார் என்போம், இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, மேலே அவருடைய சட்டையையும் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். முதல் நாள் மோட்டார் தவளை மாதிரிக் குதித்து நின்றது. இரண்டாம் நாள் கோல் கம்பத்தைச் சுற்றி வந்தேன். அக்காள் திடல் ஓரத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, விழுந்தால் கண்ணை மூடிக்கொள்ளத் தயாராக நின்றாள். நான் விழவில்லை.

மலாக்காவுக்குத் திரும்பியபோது அவர்தான் ஓட்டினார். வழியில் ஒன்றும் ஆகவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் பஞ்சர் கதையும் கித்தான் சுருள் பேச்சும் ரயில்வே ஆட்கள் மூலம் எங்களுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தன. ஆஸ்பத்திரியில் மோட்டார் வைத்திருந்தவர்கள், பிறகு அவர்களுடைய கூட்டாளிகள், ஒரு சீனப் பல் டாக்டர், எல்லோரும் தங்கள் இரும்புகளை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் வீட்டுத் தரையில் கொட்டினார்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒவ்வோர் அளவு. நான் கோடு போட்டுத் தைத்துக் கொடுத்தேன். வருகிறவர்களிடம் எதை எடுத்துப்போக வேண்டும், எதை வீட்டில் விட வேண்டும் என்றும் சொன்னேன். ரொம்பப் பேர் சுத்தியல் கொண்டுவந்தார்கள். சாக்குப்பொடியை மட்டும் வீட்டில் விடும்படி யாரிடமும் சொல்லவில்லை.

லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றதும் முதல் கவலை உடுப்புத்தான். சேலையில் முடியாது, அக்காள் புருஷனின் சிலுவாரில் நான் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரிதான் யோசனை சொன்னாள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் போடுகிற முழங்கால் வரை நீண்ட சட்டை மாதிரி ஒன்று தைத்து, உள்ளே அகலமான சிலுவார் போட்டுக்கொள்ளச் சொன்னாள். தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய சட்டையை எடுத்து அளவுக்குக் கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து வெட்டினோம். லைசென்ஸ் வந்த அன்று அவள் என் பின்னால் ஏறி உட்கார்ந்து எங்கள் கம்பம் முழுக்கச் சுற்றி வந்தாள். அவள் போட்ட கூச்சலில் எனக்கு ஹாரனே தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் தைத்து முடித்த ரவிக்கைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, தனியாக ஜாலான் பெண்டஹாராவுக்குப் போனேன். அதுவரை நடந்தோ, ரிக்‌ஷாவிலோ போய், பின்வாசலில் நின்று கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம். அன்று துணிக்கடையின் முன்வாசலிலேயே மோட்டாரை நிறுத்தினேன். பக்கத்து மசாலாக் கடையில் மிளகாய் அளந்துகொண்டிருந்தவர் படியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். நகைக்கடையிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்தார்கள்.

துணிக்கடை முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"யாரும்மா ஓட்டிட்டு வந்தது?"

"நான்தான் முதலாளி."

அவர் மோட்டாரைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார். மூட்டையை வாங்கித் தன் கையாலேயே மேசையில் வைத்தார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டுவிட்டு, எதிர்க்கடைப் பக்கம் திரும்பி இரண்டு கோப்பி கொண்டுவரச் சொன்னார்.